ஐந்து பேர் தனித்தனியாகக் கட்டினால் ஒரே லெகோ நகரம் வருமா?

கேள்வி இதுதான்: "நாங்கள் ஐந்து நண்பர்கள். ஐவருக்கும் லெகோ மேல் பைத்தியம். அவரவர் வீட்டில் கட்டி, ஒரு நாள் மண்டபம் பிடித்து எல்லாவற்றையும் ஒரே ஊராகச் சேர்த்துக் காட்சிக்கு வைக்க ஆசை. ஊருக்குள் ரயிலும் ஓட வேண்டும். வெளிநாட்டு கிளப்கள் இதை எப்படிச் செய்கின்றன? நாங்கள் எங்கிருந்து ஆரம்பிப்பது?"

ஐந்து பேர் தாராளமாகப் போதும். ஆரம்பத்துக்கு ஐம்பது பேரைவிட ஐந்து பேர் நல்லது என்றே சொல்வேன். முதலில் எல்லாரும் சில அளவுகளில் ஒத்துப்போக வேண்டும். பெரிய கூட்டத்தை வைத்துக்கொண்டு அதைப் பேசி முடிப்பது கஷ்டம். ஆனால் ஒரு எச்சரிக்கை. முதல் கூட்டத்தில் என்ன ஊர், எந்தக் காலம், கோட்டை வேண்டுமா விமான நிலையம் வேண்டுமா என்று பேச ஆரம்பித்தால் பொழுது அதிலேயே போய்விடும். அதையெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். முதலில் முடிவாக வேண்டியது ஒன்றே ஒன்று: உங்கள் ஒவ்வொருவரின் பலகைக்கும் ஓரம் எப்படி இருக்கும்?

ஓரம் சரியாக இருந்தால் உள்ளே யார் எதைக் கட்டினாலும் ஊர் சேர்ந்துவிடும். அபார்ட்மெண்டில் பொதுச் சுவரும் தண்ணீர்க் குழாயும் எல்லாருக்கும் ஒன்று, வீட்டுக்குள் என்ன பெயிண்ட் அடிப்பது என்பது அவரவர் பாடு, அது மாதிரி. நீடித்து நிற்கிற கிளப்களின் விதிமுறைகளைப் பார்த்தால் அவை ஓரங்களைப் பற்றி மிகக் கறாராகவும், உள்பகுதியைப் பற்றி அநேகமாக மௌனமாகவும் இருக்கும். இந்த யோசனை லெகோவில் பிறந்ததும் இல்லை. 1970களில் கலிஃபோர்னியாவில் சின்ன அளவு ரயில் மாடல் கட்டுகிறவர்கள் 'என்ட்ராக்' என்று ஒரு விதிமுறை கொண்டுவந்தார்கள். யாருடைய மாட்யூலும் (தனியாகக் கட்டிப் பிறகு மற்றதோடு சேர்க்கும் பலகை) யாருடையதோடும் சேரும்படி, முன்பக்கம் மூன்று தண்டவாளங்கள் குறிப்பிட்ட இடத்தில் வந்து முடிய வேண்டும் என்பது அதன் அடிப்படை. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் லெகோ ரயில் கிளப்கள் தோன்றியபோது இந்தப் பழக்கம் அங்கும் வந்து சேர்ந்தது.

எனக்கு மிகவும் பிடித்த விதிமுறை ஒன்று உண்டு. அதில் நகரம் கிடையாது, ரயில் கிடையாது, உருளும் பந்துகள் மட்டும்தான். 'கிரேட் பால் கான்ட்ராப்ஷன்', சுருக்கமாக ஜிபிசி. 2004இல் ஸ்டீவ் ஹாசன்ப்ளக் என்ற அமெரிக்க ஆர்வலரும் அவருடைய கூட்டாளிகளும் வகுத்தது. லெகோவின் சின்னக் கால்பந்து, கூடைப்பந்துகளை (குறுக்களவு சுமார் 14 மில்லிமீட்டர்) ஒரு இயந்திரம் வாங்கி அடுத்த இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. விதி என்ன? பந்து வந்து விழுகிற தொட்டி வெளிப்புறம் 10க்கு 10 ஸ்டட் (ஸ்டட் என்பது லெகோத் துண்டின் மேல் இருக்கும் சின்னக் குமிழ்). தொட்டியின் விளிம்பு 10 பிரிக் (சாதாரண லெகோ செங்கல்) உயரம். சராசரியாக வினாடிக்கு ஒரு பந்தை உங்கள் இயந்திரம் சமாளிக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டுவதென்றால் ஒரு தடவைக்கு 30 பந்துக்கு மேல் கூடாது. முக்கியமான விதிகள் இவ்வளவுதான். பந்தை எப்படித் தூக்குவது, திருகா, சங்கிலியா, கவண் மாதிரி எறிவதா, ரயிலில் ஏற்றி அனுப்புவதா, எதுவும் விதியில் இல்லை.

இந்த விதிகளில் எனக்கு வியப்பு வினாடிக்கு ஒரு பந்து என்பதுதான். தொட்டியின் அளவை மட்டும் சொல்லி விட்டிருந்தால் எல்லா இயந்திரமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், ஆனால் வேகமான ஒன்று மெதுவான ஒன்றின் தொட்டியை நிரப்பி வழியவிட்டுவிடும். அதனால் இடத்தோடு வேகத்தையும் ஓரத்தில் நிர்ணயித்தார்கள். ஜப்பானின் அகியுகி என்ற ஆர்வலர் கட்டிய ஜிபிசி இயந்திரங்களைப் பார்த்து உலகம் முழுவதும் ஆட்கள் திரும்பக் கட்டுகிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தே இராதவர்கள் கண்காட்சி அன்று காலையில் இயந்திரத்தைக் கொண்டுவந்து வரிசையில் வைத்தால் பந்து ஓட ஆரம்பித்துவிடுகிறது. உங்கள் விதிமுறையையும் இதே கண்ணோடு எழுதுங்கள்: அண்டை மாட்யூலைத் தொடுவது எதுவோ அதை மட்டும் எழுதுங்கள்.

சரி, நகரத்துக்கு வருவோம். லெகோவில் ஸ்டட்டுக்கு ஸ்டட் 8 மில்லிமீட்டர். பிரிக் உயரம் 9.6, பிளேட் என்கிற தட்டைத் துண்டு அதில் மூன்றில் ஒரு பங்கு, 3.2 மில்லிமீட்டர். 32க்கு 32 ஸ்டட் பேஸ்பிளேட் (எல்லாவற்றுக்கும் அடியில் போடும் தளத் தகடு) 25.6 சென்டிமீட்டர், 48க்கு 48 என்றால் 38.4. பெரும்பாலான கிளப்கள் 32ஐ அலகாக வைத்துக்கொள்கின்றன. அமெரிக்க கிளப்களில் இதை 'பத்து அங்குலம்' என்று வைத்து மேசை போடும் பழக்கம் உண்டு: 30 அங்குல அகல மேசையில் மூன்று பேஸ்பிளேட், 60 அங்குல நீளத்தில் ஆறு. கேட்க அழகாக இருக்கும். ஆனால் பத்து அங்குலம் 254 மில்லிமீட்டர், பேஸ்பிளேட் 256. ஆறு போட்டால் மேசையைவிட 12 மில்லிமீட்டர் நீளம். ஐந்து மேசை தாண்டும்போது 6 சென்டிமீட்டர் தள்ளிப்போய், மேசையின் சேர்க்கையும் மாட்யூலின் சேர்க்கையும் எங்கேயோ இருக்கும். அதனால் எது எந்த மேசையில் என்று கணக்குப் போடாதீர்கள். மேசைகளை ஒட்டிப் போட்டு, அவற்றின் மேல்மட்டத்தை மட்டும் சமமாக்கி, மாட்யூல்களை ஒரு மூலையிலிருந்து வரிசையாக அடுக்கிக்கொண்டே போங்கள். வாடகை மேசைகளின் உயரம் ஒரே மாதிரி இருக்கவே இருக்காது. காலுக்கு அடியில் வைக்க மெல்லிய பலகைத் துண்டுகள் ஒரு பை நிறையக் கொண்டுபோவது நல்லது.

வெறும் பேஸ்பிளேட் மேலேயே கட்டலாமா? கட்டலாம், ஆனால் நான் சொல்ல மாட்டேன். பேஸ்பிளேட் மெல்லியது, வளையும், அடியில் எதையும் பிடித்துக்கொள்ளாது. தூக்கும்போது நடுவில் தொய்ந்து மேலே இருப்பதெல்லாம் கழன்றுவிடும். இதற்காகத்தான் 'மில்ஸ்' என்ற முறை பரவியது. பேஸ்பிளேட்டின் ஓரம் முழுக்க ஒரு பிரிக் உயரச் சுவர், நடுவில் அங்கங்கே தூண் மாதிரி பிரிக்குகள், அதன் மேலே பிளேட் போட்டு மூடிவிடுவது. ஓரச் சுவரில் எல்லாரும் ஒத்துக்கொண்ட இடத்தில் துளையுள்ள டெக்னிக் பிரிக். பக்கத்து மாட்யூலோடு சேர்க்க அந்தத் துளையில் ஒரு டெக்னிக் பின், அதாவது இரண்டு துளையையும் சேர்த்துப் பிடிக்கும் சின்ன முளை. இப்படிச் செய்தால் பலகை விறைப்பாக நிற்கும், ஒரு ஆள் தைரியமாகத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். தரை கொஞ்சம் உயர்ந்துவிட்டதால் கீழே தோண்டவும் இடம் கிடைக்கிறது: ஆறு, கால்வாய், சாக்கடை, குளத்துப் படி எல்லாம் அப்போதுதான் சாத்தியம். செலவு கூடும், எடையும் கூடும். மூடி மறைந்துபோகிற பிரிக் எந்த நிறமாக இருந்தால் என்ன, வீட்டில் வேண்டாத நிறங்களை எல்லாம் அங்கே போட்டுத் தீர்த்துவிடலாம்.

கடைத்தெரு மாதிரி வரிசைக் கட்டடம் வேண்டுமென்றால் லெகோ நிறுவனமே ஒரு விதிமுறையைத் தந்திருக்கிறது. 2007இல் ஜேமி பெரார்ட் வடிவமைத்து வந்த 'கஃபே கார்னர்' செட்டிலிருந்து தொடங்கி, மாடுலர் கட்டடங்கள் வரிசையில் பக்கத்துக் கட்டடத்தோடு பின் போட்டு இணைக்கும் இடம் வைத்தே வருகிறார்கள். மாடிகளைத் தனித்தனியாகக் கழற்றலாம், முன்னால் நடைபாதை. அந்த இணைப்பு இடத்தை அப்படியே உங்கள் சொந்தக் கட்டடங்களிலும் வைத்துக்கொண்டால் வாங்கியதும் கட்டியதும் ஒரே தெருவில் நிற்கும். ஒரு சிக்கல் மட்டும் சாலையில் வரும். 2021இல் அச்சடித்த பழைய சாலை பேஸ்பிளேட்டுகளுக்குப் பதிலாகத் தடிமனான சாலைத் தகடுகள் வந்தன. பழையதும் புதியதும் ஒரே மட்டத்தில் இருக்காது. பழைய சாலையா, புதிய சாலையா, இல்லை டைல் (மேலே ஸ்டட் இல்லாத வழுவழுப்பான துண்டு) பதித்துச் சொந்தமாகப் போடுவதா? மூன்றில் ஒன்று, கலக்க வேண்டாம்.

ரயில்தான் உண்மையான தலைவலி, உண்மையான சந்தோஷமும் அதில்தான். நேர்த் தண்டவாளம் ஒன்று 16 ஸ்டட் நீளம், கட்டைகளோடு சேர்த்து 8 ஸ்டட் அகலம். அதனால் 32க்கு இரண்டு, 48க்கு மூன்று துண்டு சரியாக உட்காரும். வளைவு 22.5 பாகைக்கு ஒரு துண்டு. மூலை திரும்ப நான்கு, முழு வட்டத்துக்குப் பதினாறு. அதன் ஆரம் தண்டவாள நடுக்கோடு வரை 40 ஸ்டட், கிளப்களில் 'ஆர்40' என்பார்கள். இப்போது கணக்குப் போடுங்கள். 40ஓடு பாதி அகலம் 4 சேர்த்தால் 44. ஆக, ஒரு மூலைத் திருப்பம் 48க்கு 48 பேஸ்பிளேட்டில் அடங்குகிறது, வெளிப்பக்கம் 4 ஸ்டட் மிச்சம். அப்படியானால் உங்கள் நேர் மாட்யூல்களில் தண்டவாளத்தின் நடுக்கோடு வெளி ஓரத்திலிருந்து 8 ஸ்டட் உள்ளே வர வேண்டும். இந்த ஒரு எண்ணை எழுதி வைத்துக்கொண்டால் ஐந்து பேரின் தண்டவாளமும் சேரும்.

ஒரு பாதையோடு நிறுத்தினால் இவ்வளவுதான். இரட்டைப் பாதை என்றால் இன்னொரு கணக்கு. லெகோவின் பாதைமாற்றிகளை வைத்தால் இணைப் பாதைகள் நடுக்கோட்டுக்கு நடுக்கோடு 16 ஸ்டட் தள்ளி வரும். உள்பாதை ஆர்40 என்றால் வெளிப்பாதை ஆர்56 ஆக இருக்க வேண்டும். லெகோ அதை விற்பதில்லை. வேறு நிறுவனங்கள் ஆர்56, ஆர்72, ஆர்88, ஆர்104, ஆர்120 என்று 16 16ஆகக் கூட்டி விற்பதன் காரணம் இதுதான். லெகோ தயாரிப்பைத் தவிர வேறெதையும் தொட மாட்டேன் என்கிற கறார்க்காரர் உங்கள் ஐவரில் ஒருவராவது இருப்பார். அவரிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். என் கருத்து: தண்டவாளத்தில் விட்டுக்கொடுக்கலாம். அகலமான வளைவில் நீளமான ரயில் போகும் அழகு, 40 ஸ்டட் வளைவில் அது நெளிந்து திரும்பும்போது வராது.

அப்புறம் இடைவெளி. கடையில் வருகிற ரயில்கள் 6 ஸ்டட் அகலம். கிளப் ஆட்கள் பெரும்பாலும் 8 ஸ்டட் அகலத்தில், நீளமாகக் கட்டுவார்கள். நீளமான பெட்டி வளைவில் போகும்போது அதன் நடுப்பகுதி உள்பக்கமும் இரண்டு முனைகளும் வெளிப்பக்கமும் தள்ளும். நேர்ப்பாதையில் தொடாமல் போகிற பெட்டி வளைவில் விளக்குக் கம்பத்தைச் சாய்த்துவிடும். இதற்குத் தாளில் விதி எழுதுவதைவிட ஒரு சோதனை வண்டி கட்டிவிடுவது மேல்: உங்களிடம் உள்ள பெட்டிகளிலேயே மிக நீளமானது, மிக அகலமானது, மிக உயரமானது, மூன்றும் சேர்ந்த வெறும் சட்டகம். அதைக் கையால் தள்ளிக்கொண்டு சுற்று முழுவதும் போங்கள். எதில் இடிக்கிறதோ அது நகர வேண்டும், கட்டியவர் யாராக இருந்தாலும். நடைமேடை, சுரங்க வாய், பாலம், சிக்னல், இந்த நான்கில்தான் பெரும்பாலும் இடிக்கும்.

மின்சாரத்தில் மூன்று தலைமுறை புழக்கத்தில் இருக்கிறது. 1991இல் வந்த 9 வோல்ட் ரயிலில் உலோகம் பூசிய தண்டவாளம் வழியாகவே மோட்டாருக்கு மின்சாரம் போகும். தயாரிப்பு நின்று பல வருஷமாகியும் பழைய கிளப்கள் அதை விடுவதில்லை, ஏனென்றால் நாள் முழுக்க பேட்டரி கவலை இல்லாமல் ஓடும். சுற்று நீளமானால் தூரத்தில் வேகம் குறையும். இரண்டு மூன்று இடங்களில் கம்பி கொடுத்து மின்சாரம் ஊட்ட வேண்டும், எல்லாக் கம்பியிலும் பாசிட்டிவ், நெகட்டிவ் ஒரே பக்கம் வரும்படி. ரயில் சுற்றிவந்து தான் வந்த பாதையிலேயே எதிர்த்திசையில் சேரும்படி கொண்டையூசி வளையம் போட்டால் இடது தண்டவாளம் வலது தண்டவாளத்தோடு சேர்ந்து ஷார்ட் ஆகிவிடும். அதன் பிறகு வந்தது அகச்சிவப்புக் கதிர் ரிமோட் முறை. நான்கு சேனல், சேனலுக்கு இரண்டு, ஆக எட்டு ரயிலுக்கு மேல் பிரித்து ஓட்ட முடியாது, ஜன்னல் வெயில் நேராக அடித்தால் ரிமோட் சொல்வதும் கேட்காது. 2018இலிருந்து ப்ளூடூத்தில் இயங்கும் 'பவர்டு அப்'. ஐந்து பேர் புதிதாகத் தொடங்குவதென்றால் இதையே எடுங்கள். தண்டவாளம் முழுக்கப் பிளாஸ்டிக், வளையம் எப்படி வேண்டுமானாலும் போடலாம். ரயிலுக்குள் இருக்கும் ஹப்புக்கு (ப்ளூடூத்தும் பேட்டரியும் உள்ள பெட்டி) ஆறு ஏஏஏ பேட்டரி, எனவே ரீசார்ஜ் செய்கிற பேட்டரிகளை இரண்டு செட் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி ஓட்டுவதுதான் வழி.

ஏற்ற இறக்கம் முதல் வருஷம் வேண்டாம். வேண்டியே ஆக வேண்டுமென்றால் ஒரு தண்டவாளத் துண்டுக்கு ஒரு பிளேட் உயரம், அதற்கு மேல் ஏற்றாதீர்கள். ஒரு பாலம் ஏறி இறங்கவே எத்தனை மீட்டர் தேவை என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆசை தானாக அடங்கும்.

பலர் கவனிக்காத ஒன்று: நிறம். 2004 வாக்கில் லெகோ சாம்பல் நிறத்தை மாற்றியது. பழைய சாம்பலில் லேசான மஞ்சள் சாயல், புதியதில் நீலச் சாயல். தனியாகப் பார்த்தால் தெரியாது, இரண்டையும் ஒட்டி வைத்தால் பளிச்சென்று தெரியும். தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லிக்காக அடர் சாம்பல் போடுவதாக முடிவு செய்தால் எந்தச் சாம்பல் என்றும் முடிவு செய்யுங்கள். ஓரத்தில் வரும் புல்லின் பச்சைக்கும் இதே கதை. ஓர நிறம் மாறினால் தைத்த துணியின் தையல் மாதிரி ஒவ்வொரு மாட்யூலும் தனித்தனியாகத் தெரியும்; கடைசி இரண்டு மூன்று வரிசை ஸ்டட் மட்டும் எல்லாருக்கும் ஒரே பச்சையாக இருந்தால் பார்க்கிறவர் கண் தங்காமல் போய்க்கொண்டே இருக்கும். உள்ளே பாலைவனம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் பிளாஸ்டிக் மஞ்சளாகும் என்பதால் ஜன்னல் ஓரத்தில் வருஷக்கணக்கில் வைக்கவும் வேண்டாம்.

இவ்வளவு ஒரே நிறத்தில் எங்கே வாங்குவது? ஒரே பாகத்தை நூற்றுக்கணக்கில் வாங்க செட் வாங்கிக் கட்டுப்படியாகாது. 2000இல் தொடங்கி 2019இல் லெகோ குழுமமே வாங்கிக்கொண்ட பிரிக்லிங்க் சந்தையில் உதிரியாக வாங்கலாம், ஐவரும் சேர்ந்து ஒரே பட்டியலாகப் போட்டால் அனுப்பும் செலவு மிச்சம். கிளப் வளர்ந்து லெகோ நிறுவனத்தின் அங்கீகாரம் கிடைத்தால் 'லக்பல்க்' என்ற திட்டத்தில் வருஷத்துக்கு ஒரு முறை மொத்தமாக வாங்கும் வாய்ப்பு வரும். அதற்கு உறுப்பினர் எண்ணிக்கை, செயல்பாடு என்று நிபந்தனைகள் உண்டு. இப்போதைக்கு அதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை.

கண்காட்சி நாளுக்குச் சில விஷயங்கள். மேசை, அதன் மேல் தரை தொடும் துணி (காலிப் பெட்டிகள் எல்லாம் அதற்குள் போய்விடும்), பிறகு மாட்யூல்கள், பிறகு தண்டவாளம், உடனே ரயில் ஓட்டம். கட்டடமும் மரமும் மனிதர்களும் ரயில் தடையில்லாமல் சுற்றிய பிறகுதான். அலங்காரம் முடிந்தபின் உள்ளே ஒரு தண்டவாள இணைப்பு கழன்றிருந்தால் நாலு கட்டடத்தைத் தூக்க வேண்டியிருக்கும். நடுவில் கை எட்டாத இடம் விடாதீர்கள். இரண்டு பக்கமும் கை எட்டும் அகலமாவது, நடுவில் ஆள் நிற்கும் குழியாவது வேண்டும், ஏனென்றால் ரயில் எப்போதும் எட்டாத இடத்தில்தான் தடம் புரளும். பார்வையாளர் பக்கம் ஒரு கை நீளத்துக்கு அப்பால் தடுப்பு. ஆனால் தடுப்புக்கு இந்தப் பக்கம், குழந்தைகள் உயரத்தில், தொட்டு விளையாட ஒரு தொட்டி நிறைய பிரிக் வையுங்கள். ஒரு மணி நேரம் எதையும் தொடாதே என்று கேட்டுக்கொண்டே இருந்த பிள்ளைகளுக்கு அது பெரிய ஆறுதல். ஓரமாகச் சின்னச் சின்னக் காட்சிகள் வைப்பதும் அவர்களுக்காகத்தான்: மரத்தில் மாட்டிக்கொண்ட பூனை, மாடியில் துணி காயப்போடுகிறவர். பெரியவர்கள் ரயிலைப் பார்ப்பார்கள், பிள்ளைகள் பூனையைத்தான் கண்டுபிடிப்பார்கள்.

பசை ஒட்டலாமா என்று கேட்பார்கள். லெகோலேண்ட் பூங்காக்களில் மழையிலும் காற்றிலும் வருஷம் முழுக்க நிற்க வேண்டிய மாடல்களை ஒட்டித்தான் வைக்கிறார்கள். கிளப்பில் அது தேவையில்லை; ஒட்டினால் அந்தப் பாகம் இன்னொரு முறை வேறெதுவாகவும் ஆகாது. பெயர் எழுதுவது மட்டும் கட்டாயம். பிரிக்கும்போது எல்லார் தண்டவாளமும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதில்தான் மனக்கசப்பு வரும். பேஸ்பிளேட்டின் அடியில் பெயர்ச் சீட்டு, தண்டவாளத்தின் அடியில் ஆளுக்கொரு நிறத்தில் சின்ன ஸ்டிக்கர். ஐந்து நிறம் இன்றைக்கே பிரித்துக்கொள்ளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: ஒரே ஒரு தாளில் மாட்யூல் அளவு, தரையின் உயரம், பின் துளையின் இடம், தண்டவாள நடுக்கோட்டின் தூரம், ஓரத்துப் பச்சை, ஜல்லியின் சாம்பல், சாலையின் வகை, இவற்றை எழுதுங்கள். தாளின் பின்பக்கம் போகிற அளவுக்கு எழுதினால் தேவையில்லாத எதையோ எழுதுகிறீர்கள். ஆளுக்கு ஒரு வெறும் மாட்யூல், மேலே கட்டடம் எதுவும் இல்லாமல் தண்டவாளம் மட்டும் போட்டு, யாராவது ஒருவர் வீட்டுத் தரையில் ஐந்தையும் சேர்த்துப் பாருங்கள். எங்கேயாவது ஒரு பிளேட் உயரம் ஏறியிருக்கும், யாராவது துளையை ஒரு ஸ்டட் தள்ளி வைத்திருப்பார்கள். அதைச் சரிசெய்து, தாளையும் திருத்தி, நான்கு மூலை மாட்யூலை யார் கட்டுவது என்று முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள். மூலைகளை ஒருவரே கட்டுவது நல்லது.